கீழே இருக்கும் நான்கு

கயல் சரியாகப் போட்டுத் தொலைத்துவிட்டாள்.

முக்காலை ஐந்தால் பெருக்கு என்பதுதான் கேள்வி. மேலே இருக்கும் மூன்றை மட்டும் ஐந்தால் பெருக்கி, பதினைந்தின் கீழ் நான்கு என்று எழுதிவிட்டு, சாவகாசமாகப் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள் அந்த ஐந்தாம் வகுப்புப் பெண்.

எதிரே உட்கார்ந்திருந்த டீச்சர் சிந்து, எங்கேயாவது ஒரு தப்பு இருக்காதா என்று விடையை இன்னொரு தடவை பார்த்தாள்.

தி. நகரில் பாத்திரக்கடை மாடியில் இருக்கும் அந்த டியூஷன் சென்டருக்குச் சோறு போடுவதே இந்தக் கணக்குதான். 'இலவசத் திறன் சோதனை' என்று போர்டு வைத்து, வருகிற பிள்ளைகளுக்குக் கடைசிக் கேள்வியாக இதைக் கொடுப்பார்கள். முக்கால்வாசிப் பிள்ளைகள் கீழே இருக்கும் நான்கையும் சேர்த்துப் பெருக்கி இருபது என்று எழுதிவிடும். ஐந்து மடங்காக வேண்டிய முக்கால், முக்காலாகவே நிற்கும். உடனே அம்மாவைக் கூப்பிட்டு, "பேஸ் ரொம்ப வீக் மேடம்" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்ள வேண்டியது.

கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் தீர்ந்துபோகிற தப்பு. அதற்கு ஒரு வருஷக் கோர்ஸாம்.

சரியாகப் போடுகிற பிள்ளைக்கும் ஓனர் ராகேஷ் ஒரு வழி வைத்திருந்தான்.

"'கீழயும் பெருக்கணும்ல கண்ணு'ன்னு லேசா கேளுங்க மிஸ். மிஸ்ஸே கேக்குறாங்களேன்னு குழம்பிடும். தானா அழிச்சிடும்."

சொல்லிவிட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே சிந்துவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தூ, இதுவும் ஒரு பிழைப்பா என்று தினமும் நினைப்பாள். தினமும் வரவும் செய்வாள். போன மாதம் அவள் சோதித்த பிள்ளைகளில் ஒன்றுகூடச் சேரவில்லை. இன்றைக்கும் யாரும் சேராவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று காலையில்தான் ராகேஷ் சொல்லியிருந்தான்.

கயல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீழயும்..." என்று ஆரம்பித்த சிந்துவுக்கு, ஊசிப்போன சாம்பாரை வாயில் வைத்த மாதிரி இருந்தது. நன்றாகப் படிக்கிற பிள்ளையைப் பிடித்து உனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியா வயிறு வளர்க்க வேண்டும்? நாசமாய்ப் போகட்டும் இந்த வேலை.

"ஒண்ணுமில்ல கண்ணு. எல்லாமே கரெக்ட். சூப்பரா போட்டிருக்க."

கயல் சிரிக்கவில்லை.

சிந்து எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் கயலின் அம்மா தங்கபுஷ்பம், துணிக்கடை யூனிஃபார்ம் புடவையோடு உட்கார்ந்திருந்தாள். கடையில் பர்மிஷன் சொல்லிவிட்டு வந்தவள். அவளிடம் ராகேஷ் ஏதோ அளந்துகொண்டிருந்தான்.

"முடிஞ்சிடுச்சு, வாங்கம்மா" என்றாள் சிந்து. வேலை போகப்போகிறது என்ற பயத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது.

மேஜைக்குத் திரும்பியவள் தாளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

நான்கைக் காணோம். அந்த இடத்தில் இருபது. ரப்பர் தூளைக் கயல் உள்ளங்கையால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஏய், என்ன பண்ண? சரியாத்தானே போட்டிருந்த?"

கயல் வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"கே.கே. நகர் சென்டர்ல எல்லாம் கரெக்டா போட்டேன் மிஸ். 'எல்லாம் தெரியும்னு சொல்ற எடத்துல என்னத்தச் சொல்லிக்குடுப்பாங்க'ன்னு அம்மா என்னைக் கூட்டினு வந்துட்டாங்க. அந்த மிஸ்ஸ அவங்க சார் எங்க எதிர்லயே கத்துனாரு. அவங்க அழுதுட்டாங்க. பாவம்ல? அதான் இங்க மாத்திட்டேன்."

சிந்து ரப்பரை எடுக்கக் கையை நீட்டுவதற்குள் ராகேஷ் உள்ளே வந்து தாளைத் தூக்கிவிட்டான். உச்சுக் கொட்டினான்.

"பாருங்க மேடம். சாதாரணக் கணக்கு. பேஸே இல்ல."

தங்கபுஷ்பம் மகள் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். "சேத்துருதேன் சார்" என்றாள். கயல் தலையைத் தடவிக்கொண்டாள்.

"என்ன மிஸ், நான் சொல்றது சரிதானே?" என்றான் ராகேஷ்.

தாளில் இருந்தது தப்புதான். பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அப்பாடா என்று சிந்துவின் மனசு லேசானது.

"ஆமாங்க" என்றாள்.

கயல் அவளைப் பார்த்து, அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

சிந்துவுக்குத் தன்னை நினைத்தே குமட்டிக்கொண்டு வந்தது.