செருப்பு அலமாரி

பழைய வேலை கொடுத்த ரத்தக்கொதிப்புக்கான மாத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, உடம்புக்கும் மனசுக்கும் இதமான வேலை என்று விளம்பரம் செய்திருந்த அலுவலகத்துக்குப் போனார் குமரகுருபரன். வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அலமாரியில் நூறு ஜோடியாவது இருக்கும், அத்தனையிலும் ஒட்டடை. உள்ளே, 'மகிழ்ச்சித் துறைத் தலைவர்' என்ற பித்தளைப் பலகைக்குப் பின்னால் இருந்தவர் பல் தெரியச் சிரித்தார்.

"இங்க டென்ஷனே கிடையாது சார். இதுவரைக்கும் ஒருத்தர்கூட வேலையை விட்டுப் போனதில்ல."

"சாயங்காலம் வீட்டுக்காவது போவாங்களா?"

"முதல் நாள் எல்லாரும் இதத்தான் கேப்பாங்க" என்று அவர் பேனாவை நீட்டினார்.

குமரகுருபரனின் கை பேனாவை விட்டுவிட்டு மாத்திரையைத் தடவியது. பழைய மேனேஜர் கத்துவார்தான். ஆனால் ஆறு மணிக்கு விட்டுவிடுவார். விருட்டென்று எழுந்து வாசலுக்கு வந்தார். வெறுங்காலோடு நின்ற காவலாளி, அவருடைய செருப்பை அலமாரியின் மேல்தட்டில் செருகிக்கொண்டிருந்தார்.

"இனிமே இது எதுக்கு சார் உங்களுக்கு?"