ஒரு வோல்ட் வரைக்கும்

கதவின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றான் பூட்டு இன்ஜினியர்.

அவன் வீட்டுக் கதவுதான். அவனே வடிவமைத்த மின்சாரப் பூட்டுதான். ரொட்டி வாங்கக் கடைக்குப் போய்விட்டு வருவதற்குள் மனைவி ரகசிய எண்ணை மாற்றியிருந்தாள். காலிங் பெல்லை அழுத்தி அழுத்தி விரல் வலித்ததுதான் மிச்சம்.

சண்டை மதியச் சாப்பாட்டில் ஆரம்பித்தது.

அவளுக்கும் அதே கம்பெனிதான். அவன் செய்வதைச் சோதித்துக் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. வீட்டிலும் அதற்கு லீவு கிடையாது என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

பூட்டுக்குள் வோல்டேஜைக் கண்காணிக்க ஒரு குட்டி சிப் உண்டு. போன கரண்ட் திரும்பி வரும்போது வோல்டேஜ் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏறும். அது ஒரு நிலைக்கு வரும்வரை தாழ்ப்பாளை அசையவிடாமல் பிடித்து வைப்பது அந்த சிப்பின் உத்தியோகம்.

ஆனால் அந்த சிப் கண் விழிக்கவே கிட்டத்தட்ட ஒரு வோல்ட் வேண்டும். அதுவரை காவலுக்கு இருப்பவரே தூக்கத்தில். அந்த இடைவெளியில் தாழ்ப்பாள் ஒரு கணம் விலகுகிறது, மிளகு அளவு ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்றாள் அவள்.

செய்து முடித்த பூட்டையெல்லாம் யார் பிரிப்பது? கண் இமைக்கிற நேரம். அந்த நேரம் பார்த்து எவன் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போகிறான் என்று கேட்டான். நாளைக் காலையில் சரக்கு லாரி ஏறுகிறது. அவன் கையெழுத்துதான் பாக்கி.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வீட்டில் ரொட்டி இல்லை என்று மட்டும் சொன்னாள்.

இப்போது கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் அவனே.

மாடிக்கு வரும் மெயின் சுவிட்சை ஒருமுறை இறக்கி ஏற்றும்படி போனில் வாட்ச்மேனிடம் சொல்லியிருந்தான். அந்த மாடியில் இரண்டே வீடு. எதிர்வீட்டுப் பெரியம்மா, பிரசவமான மகளையும் பிள்ளையையும் அழைத்துவர ஊருக்குப் போயிருந்தார். அவர் வீட்டுக் கதவு கீல் கோணலாகி, தாழ்ப்பாள் நிற்காமல் தானாகத் திறந்துகொண்டிருந்தது. இவன்தான் தன் பூட்டு ஒன்றைப் பொருத்திக் கொடுத்தான். உன்னை நம்பித்தான் போகிறேன் தம்பி என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

கதவு திறந்தால் உள்ளே போகலாம். ஆனால் அவள் ஜெயித்துவிடுவாள். திறக்காவிட்டால் ஜெயித்தது அவன், இருப்பது வெளியில்.

விளக்கு அணைந்தது.

கைப்பிடியை அழுத்தித் தோளால் முட்டுக்கொடுத்தான்.

விளக்கு எரிந்தது. எங்கேயோ 'டக்'கென்று ஒரு சத்தம். லிஃப்ட்டாக இருக்கும்.

கதவு அசையவில்லை.

வெளியே நிற்கிறோம் என்பதே அவனுக்கு மறந்துபோனது. கதவருகே வாயைக் கொண்டுபோனான்.

"பார்த்தியா? திறக்கலை. நாளைக்குக் கையெழுத்துப் போடத்தான் போறேன்."

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. காலடி கதவுவரை வந்தது.

"நம்ம பூட்டுல போன வாரமே அந்த ரெசிஸ்டரை வச்சுட்டேங்க. பின்னாடி திரும்பிப் பாருங்க."

திரும்பினான்.

பெரியம்மா வீட்டுக் கதவு அகலத் திறந்து கிடந்தது. கூடத்தின் நடுவே, வரப்போகிற குழந்தைக்காகப் புதுத் துணி விரித்து வைத்திருந்த தொட்டில், கதவு திறந்த காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.