பன்னிரண்டு மொட்டைப் பெட்டிஷன்கள்

சுகாதார இலாகாவின் வெள்ளைக்கார அதிகாரி துரையின் மேஜைமேல் பன்னிரண்டு மொட்டைப் பெட்டிஷன்கள் கிடந்தன. பன்னிரண்டும் ஆம்பூர் சுகாதார இன்ஸ்பெக்டர் சவரிமுத்துவின் மேல் வந்தவை. சவரிமுத்து எதிரே கைகட்டி நின்றார்.

“தோல் பதனிடும் டேனரி முதலாளிகளை நீர் நிம்மதியாக இருக்க விடுவதில்லையாமே?”

“சார், அது வந்து...”

“சுண்ணாம்புத் தண்ணீரைப் பாலாற்றில் விட்டால் உடனே அபராதமாம். கெஞ்சினாலும் கேட்பதில்லையாம். லஞ்சம் கொடுத்தால் மூஞ்சியில் எறிகிறீராம்!”

சவரிமுத்துவின் வேர்வை கோட்டை நனைத்தது.

துரை சட்டென்று எழுந்து கை கொடுத்தார். “மற்ற இன்ஸ்பெக்டர்கள் மேல் ஒரு புகாரும் இல்லை. முதலாளிகள் அவர்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். எனக்கு உம்மைப் போன்ற ஆள்தான் வேண்டும். இன்று முதல் நீர்தான் சீனியர் இன்ஸ்பெக்டர்!”

சவரிமுத்துவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“முதல் வேலையாக, உம்மேல் இதையெல்லாம் எழுதினவனைப் பிடியும். பன்னிரண்டும் ஒரே கையெழுத்து. வெள்ளிக்கிழமைக்குள் அவன் ஜெயிலில் இருக்க வேண்டும்.”

சவரிமுத்து நேரே வீட்டுக்கு வந்தார். மனைவி ஆரோக்கியமேரி ஆசையாக ஓடி வந்தாள்.

“இன்னாங்க, நா எழுதின பன்னெண்டு பெட்டிஷனையும் துரை நம்பிட்டாரா?”