பிளேனுக்கு முன்னே வந்த தம்பி

"என் தம்பி பிளேன் ஏறுறதுக்கு முன்னாடியே வீடு வந்து சேர்ந்துட்டான்!" என்று மருதமுத்து கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடிக் கடையெல்லாம் சொல்லிச் சிரித்தார். பென்ஷன் வாங்கி உட்கார்ந்ததிலிருந்து அவர் அளக்காத கதை இல்லை. யாரும் நம்பவில்லை.

தம்பி நடேசன் டுபாய்க்குப் போய் வருஷக்கணக்காகிறது. "வந்தா கொரோனான்னு அடைச்சு வைப்பாங்களாண்ணே?" என்று போனில் ஓயாமல் கேட்பான்.

"அதெல்லாம் மாறிப்போச்சுடா. அங்கேயே பி.சி.ஆர் டெஸ்ட் எடு. தொற்று இல்லன்னா நேரா வீடுதான்."

ஆனாலும் மருதமுத்துவின் மனைவி புஷ்பமலர் பழைய பழக்கத்தில் மாடி அறையை ஒதுக்கி, சாப்பாடு வைக்க அதன் வாசலில் ஸ்டூல் போட்டுவைத்தாள். விளையாட்டுக்கு அதில் மருதமுத்து சோறு வைத்தார். தட்டு காலியாகி, கழுவிக் கவிழ்த்திருந்தது. மறுநாளும் அப்படியே.

"நீங்களே தின்னுட்டுத் தம்பி பேர்ல போடுறீங்க," என்றாள் புஷ்பமலர்.

இன்று பகல் நடேசன் கூப்பிட்டான். "தொற்று இருக்காம்ண்ணே. இங்கேயே ரூம்ல அடைச்சுட்டாங்க. இனி எப்ப வருவேனோ."

மருதமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்டூலை எடுத்துவிடலாம் என்று படியேறப் போனார்.

புஷ்பமலர் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எடுக்காதீங்க. நீங்க சொன்னது நெசந்தான். இப்பதான் டீ வச்சுட்டு இறங்குனேன். 'இன்னும் கொஞ்சம் சீனி போடுங்க அண்ணி'ன்னு உள்ள இருந்து கேட்டாரு."