சொக்கியின் காது

பாட்டு வகுப்புக்குப் பக்கத்துப் பூவரச மரத்தில் கருப்பாயி என்றொரு காக்கா இருந்தாள். தன் குஞ்சு சொக்கியைத் தினமும் வகுப்பு ஜன்னலில் கொண்டுபோய் உட்கார வைப்பாள். உள்ளே பிள்ளைகள் ஸரிகம பாடுவார்கள். "முதல்ல நல்லாக் கேளுங்க, அப்புறம் பாடலாம்" என்பார் டீச்சர். சொக்கியும் தலையைச் சாய்த்துக் கேட்பாள்.

"ஏண்டி, உன் மக கச்சேரியா பண்ணப்போறா?" என்று பக்கத்துக் கிளை பேச்சி சிரிப்பாள். கருப்பாயி கூச்சத்தோடு தலையைத் திருப்பிக்கொள்வாள். சொக்கிக்கும் 'கா'வைத் தவிர எதுவும் வரவில்லை.

ஒருநாள் சாயங்காலம் பேய்க்காற்றிலும் மழையிலும் கூடு பிய்ந்துபோனது. சொக்கியைக் காணவில்லை. கருப்பாயி கதறினாள். ஊர்க் காக்காய்கள் எல்லாம் கூடிக் கத்தின.

"இந்தக் கூச்சல்ல உன் குரல் பிள்ளைக்கு எப்படிடி கேக்கும்?" என்று பேச்சியும் அழுதுவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் நனைந்த சிறகோடு சொக்கி தத்தித் தத்தி நேராக அம்மாவிடமே வந்து சேர்ந்தாள்.

"எப்படிக் கண்டுபிடிச்சே கண்ணு?"

"நீ கத்தி முடிக்கிறப்போ மட்டும் குரல் கொஞ்சம் கீழே இறங்கும்மா. வேற யாருக்கும் அப்படி இறங்காது."

கருப்பாயி அவளைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அந்த டீச்சரம்மா மகராசியா இருக்கணும் பேச்சி. என் கத்தலைக்கூட என் மக இவ்வளவு உன்னிப்பாக் கேட்டிருக்காளே!"