பூச்சி மாத்திரை

“நர்சக்கா, உள்ள போன மாத்திரைய வெளிய எடுக்க முடியுமா?”

வாசலில் ஒருத்தி நின்றிருந்தாள். காலில் செருப்பில்லை. ஓடி வந்ததில் மூச்சு இரைத்தது.

சிக்கல் கிராமத்துச் சுகாதார நிலையத்துக்கு மாற்றலாகி வந்த ஒரு மாதத்தில் நர்ஸ் பஞ்சம்மாள் இப்படி ஒரு நாளைப் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை தின்ற பிள்ளைகள் பக்கத்து ஊரில் செத்துவிட்டதாகக் காலையிலேயே யாரோ புரளி கிளப்பிவிட்டார்கள். ஒரு கூட்டம் வந்து ஜன்னலில் கல்லெறிந்துவிட்டுப் போயிருந்தது.

“யாரும் சாகல தாயி. போன் போட்டு விசாரிச்சுட்டேன். முதல்ல உக்காரு.”

அவள் உட்காரவில்லை.

“நான் தவசி பொண்டாட்டி, வீரலட்சுமி. நேத்து அவுகட்ட நீங்கதான குடுத்துவிட்டீக? சோத்தைக் கண்டாலே குமட்டல், ஒரே வாந்தின்னு சொன்னாகளே...”

“ஆமா, வீட்டுக்குன்னு வாங்கிட்டுப் போனாரு. வயித்துல பூச்சி இருந்தா அப்படித்தான் குமட்டும்.”

“அந்த மாத்திரை உள்ள போயி என்ன செய்யும்?”

“நாம திங்கிற சத்தை உறிஞ்சித்தான் பூச்சி உசுரோட கெடக்கு. மாத்திரை அதை உறிஞ்ச விடாது. இரை கிடைக்காமச் செத்து, வெளிக்குப் போறப்ப வந்துரும்.”

“பட்டினி கெடந்தா சாகும்?”

“ஆமா. உள்ள ஒண்ணு தங்காது.”

வீரலட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது.

“ஒண்ணுகூடத் தங்காதா?”

தைரியம் சொல்லச் சொல்ல இவள் ஏன் இப்படி மிரளுகிறாள் என்று பஞ்சம்மாளுக்கு விளங்கவில்லை. கல்லெறிய வந்தவர்கள் முகத்தில்கூட இத்தனை பயம் இல்லை.

“பூச்சிதான் சாகும்மா. பள்ளிக்கூடம் பூராவும் தின்னிருக்கு. எல்லாம் நல்லாத்தான வெளையாடுதுக?”

“பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதே? சத்தியமாச் சொல்லுங்கக்கா.”

பஞ்சம்மாளின் கையை அவள் இறுகப் பற்றினாள்.

“ஆகாதுங்கறேன்ல? சரி, பிள்ளைக்கு என்ன வயசு?”

வீரலட்சுமி குரலைத் தாழ்த்தினாள்.

“இன்னும் பொறக்கலக்கா. நாள் தள்ளிப்போயிருக்குன்னு அவுகட்டகூட இன்னும் சொல்லல.”