முப்பத்தொன்றாம் பக்கம்

வண்டி நகரவில்லை.

விஜயதசமி. பத்து மணிக்கு ரோலர் கோஸ்டரின் முதல் ஓட்டம் என்று பேப்பரில் போட்டாயிற்று. பேனலில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேனேஜர் கோபாலகிருஷ்ணன் பச்சைப் பொத்தானைப் பதினோராவது முறையாக அமுக்கினார்.

"ஜப்பான்ல இப்படி நின்னு நான் பார்த்ததே இல்ல" என்றார்.

போன மாதம்தான் முதலாளி செலவில் ஐந்து நாட்டு தீம் பார்க்குகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். வந்ததும் என்னைக் கூப்பிட்டு, அந்த ஐந்து நாட்டுத் தரத்தையும் நம்முடையதோடு ஒப்பிட்டு ஒரு ரிப்போர்ட் எழுதச் சொன்னார். போய் வந்தது அவர். எழுத வேண்டியது நான்.

அவர் அள்ளிக்கொண்டு வந்த புத்தகங்களை அகராதி வைத்துப் படித்து நாற்பது பக்கம் எழுதினேன். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. பக்கம் குறைந்தால் யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்கள் என்ற பயம் இன்னும் போகவில்லை.

நாற்பது பக்கத்தில் அவர் எடுத்துக்கொண்டது இரண்டு வரி.

ஜப்பானில் ஊழியர்கள் குனிந்து வணக்கம் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தேன். மறுநாளிலிருந்து செக்யூரிட்டி கேசவன் கேட்டுக்குள் நுழையும் ஒவ்வொரு டாடா சுமோவுக்கும் குனிந்தார். மூன்றாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டு லீவில் போனார்.

அமெரிக்காவில் இந்த மாதிரி வண்டியில் ஏற நாலடி உயரம் வேண்டும் என்று எழுதியிருந்தேன். அளவுப் பலகை வந்தது. கோடு மூன்றரை அடியில் இருந்தது.

"நம்ம ஊர்ப் பிள்ளைங்க குட்டைம்மா. அவங்க கணக்கு நமக்கு எதுக்கு?"

முப்பத்தொன்றாம் பக்கத்தை அவர் திருப்பவே இல்லை.

எங்கள் வண்டி ஜெர்மனியில் பதினான்கு வருஷம் ஓடி, ரிட்டயர் ஆகி, மாமல்லபுரம் ரோட்டில் மறுவேலைக்கு வந்தது. அங்கே ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் ஒவ்வொரு சீட்டின் இடுப்புக் கம்பியையும் ஒருவர் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். ஒன்றே ஒன்று பிடிக்காவிட்டாலும் வண்டி போகக் கூடாது. யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதுதான் முப்பத்தொன்றாம் பக்கம்.

திங்கட்கிழமை நானும் மெக்கானிக் கண்ணாயிரம் அண்ணனும் இழுத்துப் பார்த்தோம். ஒன்பதாம் சீட்டின் கம்பி பீரோ கதவு மாதிரி திறந்துகொண்டது. உப்புக் காற்று பூட்டைத் தின்றிருந்தது. ஜெர்மன் புத்தகத்தில் உப்புக் காற்றைப் பற்றி ஒரு வரி கிடையாது.

"புது லாக் வர மூணு வாரம் ஆகும். நைலான் கயிறு போட்டுக் கட்டுங்க" என்றார் மேனேஜர்.

"அந்த சீட்டைக் காலியாவது விடுங்க சார்."

"இருபத்தெட்டு சீட்டுன்னு விளம்பரம் போயாச்சும்மா."

டூட்டி ரிஜிஸ்டரில் எழுதினேன். மறுநாள் ரிஜிஸ்டர் அவர் மேஜை டிராயருக்குள் பூட்டிக் கிடந்தது.

நேற்று ஆயுத பூஜை. மெயின்டனன்ஸில் ஒரே பெண் நான். பொம்பளை கையால் வைத்தால் லட்சுமி என்று சொல்லி, பி.இ. மெக்கானிக்கல் படித்தவள் கையில் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்தார்கள். ஜெனரேட்டர், பம்பு செட், மேனேஜரின் கால்குலேட்டர் வரைக்கும் நூற்றுப் பன்னிரண்டு பொட்டு வைத்தேன். ஜெர்மன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். ஐந்து நாட்டில் எந்த நாட்டிலும் இது இல்லை.

இப்போது மேடைக்குக் கீழே செய்யூர் அரசுப் பள்ளியிலிருந்து இருபத்தெட்டு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அந்தப் பாவாடை சட்டையைப் போட்டுக்கொண்டுதான் நானும் படித்தேன். ஒன்பதாம் நம்பர் டோக்கனை ஒரு குட்டிப் பெண் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.

தண்டவாளத்துக்கு அடியில் தவழ்ந்து போயிருந்த கண்ணாயிரம் அண்ணன் குரல் கொடுத்தார்.

"சார், கண்ணு மறைஞ்சி கீது."

தண்டவாள ஓரத்தில் ஒரு கண்ணாடிக் கண் உண்டு. வழியில் ஆள் நிற்கிறதா என்று பார்த்துச் சொல்லும். அதற்குப் பார்வை தெரியாவிட்டால் வண்டியை விடாது. மேனேஜர் சொன்னாலும் விடாது.

மேனேஜர் குனிந்து பார்த்தார். ஜப்பான்காரர் தோற்றார்.

கண்ணின் நட்டநடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சந்தனம். அதன் நடுவில் குங்குமம்.

"ஏம்மா லதா, இதுக்குப் போயா பொட்டு வெப்பாங்க?"

"எல்லா மெஷினுக்கும் வைக்கச் சொன்னீங்க சார்."

"சரி சரி. துடைய்யா."

கண்ணாயிரம் அண்ணன் விரலை வைத்தார். எடுத்தார். விரல் நுனியைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"நேத்து வெச்சது சார்" என்றார் மேனேஜரிடம். "கல்லு கணக்கா காஞ்சி பூட்ச்சி. சொரண்டுனா கண்ணாடி பூடும். வேற கண்ணுதான் வரவழைக்கணும்."

"எத்தனை நாள்யா ஆகும்?"

"மூணு வாரம் சார். அந்த லாக்கோட ஒரே பொட்டியில வந்துரும்."

மேனேஜர் சிவப்பு விளக்கைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். ராட்டினத்துக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டு, ஜெர்மனிக்கு போன் போட நடந்தார்.

கண்ணாயிரம் அண்ணன் விரலைப் பேண்டின் பின்பக்கம் துடைத்துக்கொண்டார்.

காக்கியில் ஒரு மஞ்சள் கோடு, ஈரமாக.